வெர்னரின் ஒரே முதலிடம்

என் தங்கை கிரேத்தேயைக் கட்டிக்கொண்ட வெர்னர், வாரத்தில் ஐந்து நாளும் ஸ்கீவ் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கண்ணாடியைப் பார், மெதுவாகப் போ, சைக்கிள்காரனுக்கு வழிவிடு என்று தொண்டை கிழியக் கத்துவான். சனி ஞாயிறு வந்தால் போதும், அதே ஆள் ஒரு வெள்ளை பீஜோ பந்தயக் காரில் ஏறி, முன்னால் போகிறவனின் பின்பக்கத்தை முட்டிக்கொண்டே வளைவுக்குள் நுழைவான். அவனிடம் படித்த பிள்ளைகள் வேலியோரம் நின்று, “வாத்தியாரே, இண்டிகேட்டர் போடுங்க!” என்று கூவும்.

எங்கள் பந்தயக் கார்கள் பார்வைக்குக் கடைக்குப் போகிற கார்கள்தான். உள்ளே இருக்கைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டு இரும்புக் கூண்டு அடித்திருப்போம், அவ்வளவே. அந்தக் காருக்கு மெக்கானிக், எடுபிடி, திட்டு வாங்குகிறவன் எல்லாம் நான்தான். சம்பளம் என்ன தெரியுமா? கிரேத்தே கட்டிக்கொடுக்கும் ஈரல் தடவிய ரை ரொட்டி. ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததே இல்லை. பந்தயத் திடலில் நாங்கள் அடித்த கூடாரத்தின்மேல் மழை கொட்டும். பெட்ரோல் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றாய் மூக்கில் ஏறும். பக்கத்துக் கூடாரக்காரன் வந்து ஸ்பானர் கடன் கேட்டுவிட்டு, எங்கள் சாசேஜையும் தின்றுவிட்டுப் போவான்.

வெர்னருக்கு ஒரே ஒரு குறை. இரண்டாவதாக வந்திருக்கிறான், மூன்றாவதாக எத்தனையோ தடவை வந்திருக்கிறான். முதலாவதாக வந்ததே இல்லை.

“ஒரு தடவ மச்சான், ஒரே ஒரு தடவ. அப்புறம் காரை வித்துட்டு மீன் பிடிக்கப் போயிடறேன்” என்பான்.

“நீயா? மீன் வந்து கடிக்கிற வரைக்கும் நீ சும்மா உக்காந்திருப்பியா? கிழிச்ச!” என்பேன்.

இப்படியே அவன் தலை நரைத்தது. இடுப்பு வலி வந்தது. அந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். கடைசிக்கு முந்தைய பந்தயம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஓடுபாதையில் நடந்தது. ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். வெர்னர் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் யெஸ்பர் என்று ஒரு வாலிபன், நல்ல வேகக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். கடைசிச் சுற்றில் அந்த அவசரம் அவனை வளைவில் அகலமாய்த் தள்ளிவிட்டது. வெர்னர் உள்பக்கம் புகுந்தான். கொடி விழுந்தபோது எங்கள் வெள்ளைக் கார்தான் முன்னால்!

நான் அழுதேன். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அதில் என்ன வெட்கம்?

கொடி விழுந்தபின் எல்லாரும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி உள்ளே வருவார்கள். அந்தச் சுற்றில் யாரும் பாதையின் நடுவில் ஓட்டமாட்டார்கள். டயர்களிலிருந்து கிழிந்த ரப்பர்த் துணுக்குகள் ஓரத்தில் கிடக்கும். சூடான டயரை அதன்மேல் உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வந்ததும் காரையும் ஓட்டுநரையும் ஹெல்மெட்டையும் சேர்த்து எடை போடுவார்கள் இல்லையா? ஒட்டிக்கொண்ட ரப்பர் ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டும். இலேசான கார்தான் வேகமாய் ஓடும் என்பதால் குறைந்தபட்ச எடையை ஒட்டித்தான் நாங்கள் எல்லாருமே காரைத் தயார்செய்வோம். எடை குறைந்தால் பரிசு போச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் இதைச் சொல்வார்கள்.

சந்தோஷத்தில் வெர்னர் மறந்தான். நடுப்பாதையிலேயே உருட்டிக்கொண்டு வந்து, கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தினான். அத்தனை வருஷமும் கிரேத்தே மடக்கு நாற்காலியும் காப்பி பிளாஸ்க்குமாக நிற்கிற இடம் அது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கம்பிவேலிக்கு மேலே அவள் கையில் கொடுத்தான். அவளை முத்தமிட்டுவிட்டு வெறுந்தலையோடு வந்து சேர்ந்தான்.

எடை பார்ப்பவன் எகோன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுகிறவன். எடை முள்ளைப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். கொஞ்சம் குறைந்தது.

“எங்கடா ஹெல்மெட்டு?” என்றான்.

வெர்னர் தலையைத் தடவிப் பார்த்தான்.

கிரேத்தே ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “எகோன், இந்தா இருக்கு! இதையும் வச்சு எடை போடு!”

“வெளிய போன சாமானை உள்ள சேக்க முடியாதும்மா” என்றான் எகோன். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“முழுசா ஒரு கிலோகூடக் குறையல, கல்நெஞ்சுக்காரா! எங்க வீட்டு உப்பைத் தின்னவன்தானடா நீ?” என்று நான் எகிறினேன்.

வெர்னர் என் தோளைப் பிடித்து இழுத்தான். “விடு மச்சான். அவன் வேலைய அவன் செய்யறான்.”

முதலிடம் யெஸ்பருக்குப் போயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் கிரேத்தே விம்மிக்கொண்டே வந்தாள். “நான் ஏன் அதைக் கையில வாங்கினேன்? வாங்காம இருந்திருக்கலாம்ல?”

“நீ வாங்கலேன்னா நான் அதை யார்கிட்டடி குடுப்பேன்?” என்றான் வெர்னர்.

அடுத்த மாதம் அவனுடைய கடைசிப் பந்தயம். முந்தின நாள் பட்டறைக்கு வந்தவன், கனமான ஈயத் தகடுகளை என் காலடியில் இறக்கினான்.

“இதைக் கார்ல பூட்டு.”

எங்கள் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு ஒரு தண்டனை உண்டு. மற்றவனுக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்று, அடுத்த பந்தயத்தில் அவன் நாற்பது கிலோ ஈயத்தைச் சுமந்து ஓட வேண்டும். இந்தத் தடவை சுமக்க வேண்டியவன் யெஸ்பர்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கடைசிப் பந்தயம்டா! இலேசா ஓடினா கோப்பையாவது கிடைக்கும்” என்று கத்தினேன்.

“ஜெயிச்சவன் சுமக்கணும் மச்சான். நான் ஜெயிச்சேனா, இல்லையா?”

“ஜெயிச்சடா மாப்ளே.”

“அப்பப் பூட்டு.”

பூட்டினேன். மறுநாள் வண்டி வளைவுகளில் கர்ப்பிணி போல அசைந்து அசைந்து போனது. சின்னப் பயல்களெல்லாம் அவனைத் தாண்டிப் போனார்கள். கடைசிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எடைத் தட்டில் கார் ஏறியது. எகோன் முள்ளைப் பார்த்தான். குனிந்து காருக்குள் பார்த்தான். ஈயத் தகடுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெர்னருக்குக் கை கொடுத்தான்.

“எடை சரியா இருக்கு” என்றான்.