பெரியப்பாவின் குழாய்த் தண்ணீர்

ஒன்பதாம் வகுப்பில் நான் அறிவியல் மன்றத்தில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கணக்கு. மன்றத்தில் இருந்தால் அந்த நேரத்துக்கு ஆய்வகத்துக்குப் போய்விடலாம்.

அந்த வருடம் எங்கள் அறிவியல் டீச்சர் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுவிட வேண்டும். ஃபுளூரைடு குறைவென்றால் ரோஸ் நிறம் அப்படியே நிற்கும். அதிகமென்றால் மஞ்சளுக்குப் போகும். அவரவர் தெருத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவரச் சொன்னார்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் தெருவே குடித்தது பெரியப்பா போட்ட போர் தண்ணீரைத்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஊர்க் கிணறு வற்றிப்போக, அவர் தன் செலவில் துளை போடும் ரிக் வண்டியை வரவழைத்து, பூமி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து, தொட்டி கட்டி, தாத்தா பெயரை எழுதி வைத்தார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவருக்கு முன்வரிசைதான். அவருடைய தம்பி மகள் என்பதால் குழாயடியில் எனக்கும் கொஞ்சம் முன்னுரிமை உண்டு. அதை நான் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

மற்றவர்களின் சோதனைக் குழாயெல்லாம் ரோஸாக நிற்க, என்னுடையது மட்டும் மஞ்சளானது. சரியாகக் கழுவவில்லை போல என்று மறுபடி செய்தேன். மறுபடியும் மஞ்சள். டீச்சர் அவசரப்படவில்லை. தானே வந்து தண்ணீர் பிடித்து நாமக்கல்லில் உள்ள அரசு ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் அதே முடிவு. ஃபுளூரைடு கூடினால் பல்லும் எலும்பும் கெட்டுப்போகும் என்றார். எங்கள் தெருப் பிள்ளைகளின் பற்களில் இருந்த காவிக் கோடுகளுக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. அதுவரை, ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று தினமும் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சுதந்திர தினக் கிராம சபையில் சோதித்தவர்களே முடிவைப் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வேறு யாராவது படிக்கட்டுமே என்றார் அம்மா. அப்பாவுக்கும் அதில் விருப்பமில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றாகத்தான் விவசாயம், ஒரே மோட்டார். நான் செய்த சோதனையை நான்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக நின்றேன். உண்மையைப் பேச வேண்டும் என்ற ஆசையோடு, மைக்கில் பேச வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது.

அன்றைக்குப் பெரியப்பா வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் படித்து முடித்தேன். பின்னாலிருந்து ஒருவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்கெல்லாம் சபையா என்று சிரித்தார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா எழுந்தார். சிரிப்பு நின்றது.

எப்போதும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏம்மா, இதச் சோதிச்சது ஆரு?"

"நாந்தானுங்க."

"ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றியா?"

"இல்லீங்க. திரும்பத் திரும்பப் பாத்தனுங்க. நாமக்கல்லுக்கு அனுப்பியும் அதேதான் வந்துச்சுங்க."

"சோதிக்கிற குழாயச் சுத்தமாக் கழுவுனயா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழுவியதிலிருந்து மருந்து சொட்டியது வரை ஒன்றுவிடாமல் மைக்கில் சொன்னேன். அவர் விடவில்லை.

"காச்சிக் குடிச்சாச் செரியாயிருமா?"

"ஆகாதுங்க. காச்சுனாத் தண்ணிதான் சுண்டும், அது போகாதுங்க."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? இனி அந்தத் தண்ணிய ஆரும் குடிக்க வேண்டாம். துணி தொவைக்க வெச்சுக்குங்க."

மறுநாள் காலையில் அந்தக் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். அடித்தது பெயிண்டர் அல்ல, அவரேதான். பிறகு ஊரிலிருந்த ஒவ்வொரு கிணற்றையும் எங்கள் மன்றத்தை வைத்துச் சோதித்து, ரோஸ் நிறம் வந்த கிணற்றிலிருந்து தன் டிராக்டரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வரும்வரை அந்த டிராக்டர் ஓடியது. நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு வீட்டிலும் சொம்போடு நிற்பார்கள். "எங்கூட்டுத் தண்ணியையும் பாரு சாமி" என்பார்கள். அன்று சிரித்தவரும் சொம்போடு நின்றார். அந்தப் பெட்டியைச் சுமப்பதற்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும்.

பெரியப்பா மேல் மட்டும் எனக்கு மனத்தாங்கல் போகவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்டாரே என்று ரொம்ப நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

கல்லூரியில் வேதியியல் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, லீவில் ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். கிராம சபைக்கு முந்தின நாளே டீச்சர் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். காய்ச்சினால் சரியாகுமா என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அன்று சாயங்காலத்திலிருந்தே அவர் வீட்டில் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லையாம். பாப்பா பயப்படாமல் பேசிவிடுவாளா என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

என்னிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் அவருக்குப் பதில் தெரியும். தெரியாதவர்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, முன்னால் நின்ற அவர் மட்டும்தான் தெரிந்தார்.