'ஷிப்ட் சோறு' யாருடைய பெயர்?

பல்வலி தாங்க முடியாமல் போன பிறகு பல் டாக்டரைத் தேடுவதுபோல, பெயர் பறிபோன பிறகு ஜனங்கள் ஏறி வருகிற இடம் எங்கள் ஆபீஸ். ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. வெப்சைட் முகவரி வாங்கித் தருவோம், வியாபாரப் பெயருக்கு டிரேட்மார்க் மனு போடுவோம். நானும் என் பார்ட்னர் செந்திலும்தான் மொத்த கம்பெனியும். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறெரிந்த அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரிப்பன் வெட்டியாச்சு

வல்லம் வடகால் பக்கம் நிலம் விற்ற ஒருவர் தண்ணீர் கேன் கம்பெனி ஆரம்பித்தார். நாடே அறிந்த ஒரு கம்பெனியின் பெயரை அப்படியே தூக்கி, முன்னால் ஒரு 'ஸ்ரீ' போட்டிருந்தார். "இது கிடைக்காது சார், வக்கீல் நோட்டீஸ்தான் கிடைக்கும்" என்றேன். மனுஷன் கேட்டால்தானே! போனை நீட்டித் திறப்பு விழா போட்டோக்களைக் காட்டினார். இருபதடி ஃப்ளெக்ஸ், ஆளுயர மாலை, வண்டி நிறைய பெயர் ஒட்டிய கேன்கள். இந்த ஊரில் இதுதான் முறை. முதலில் விழா, அப்புறம் போர்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பெயர் நம்முடையதா என்ற சந்தேகம். இவருக்கு அந்தச் சந்தேகமும் வரவில்லை.

"போர்டு மாட்டியாச்சு மேடம். இனிமே கவர்மென்ட்டுதான் பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

கம்பெனி மெயில்

லூர்துமேரி அப்படிப்பட்டவர் இல்லை. பிள்ளைப்பாக்கத்துக்காரர். விடிவதற்குள் சமைத்து, ஃபேக்டரிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறவர். பார்சல் மேல் 'ஷிப்ட் சோறு' என்று ஒரு ஸ்டிக்கர். அவரே யோசித்து வைத்த பெயர். முதல்முறை வந்தபோது ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பேரு என்கிட்டயே இருக்கணும் மேடம், அதுக்கு இன்னா பண்ணணும்?" அடடா, தெளிவான கேள்வி என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பதில் சொல்ல விட்டால்தானே! கூட வந்த கொழுந்தனார் சேவியர் முந்திக்கொண்டார். ஒரு கார் பாகக் கம்பெனியில் லைன் லீடர், குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்று அவரே சொன்னார். டிரேட்மார்க் எல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு வெப்சைட் போதுமாம். படிவத்தில் தன் கம்பெனி மெயில் முகவரியைக் கொடுத்தார். "வேலையை விட்டால் மெயில் போயிடும் சார், வெப்சைட்டும் கூடவே போயிடும், சொந்த மெயில் கொடுங்க" என்று மூன்று முறை தொண்டை வறளச் சொன்னேன். கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"கம்பெனி மெயில்னாதான் மேடம் ஒரு மரியாதை."

சாம்பார் மாறிய மர்மம்

எட்டே மாதத்தில் சேவியர் எதிர்ப்புறக் கம்பெனிக்கு மாறினார். பழைய மெயில் அன்றைக்கே செத்தது. வெப்சைட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அந்தச் செத்த மெயிலுக்கே போய்ச் சேர்ந்தன. கெடு முடிந்தது. குன்றத்தூர் பக்கம் கேட்டரிங் நடத்தும் ஒரு புண்ணியவான் அந்த முகவரியை வாங்கிக்கொண்டான்.

அதோடு விட்டதா? லூர்துமேரியின் ஸ்டிக்கரில் ஒரு க்யூஆர் கோடு உண்டு. அதை ஸ்கேன் செய்தால் திறக்கும் வெப்சைட்டில்தான் ஹாஸ்டல் பையன்கள் மறுநாளைக்கு ஆர்டர் போடுவார்கள். இந்த அம்மா தன் கையால் ஒட்டி அனுப்பிய ஸ்டிக்கரே ஆர்டரை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவருக்கு ஆர்டர் பாதியாய்க் குறைந்தது, ஏனென்று தெரியவில்லை. கடைசியில் தூத்துக்குடியிலிருந்து வந்து வெல்டிங் லைனில் வேலை பார்க்கும் ஒரு பையன் போன் போட்டான். லூர்துமேரி அப்போது எங்கள் ஆபீஸில்தான் இருந்தார், ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"என்னக்கா இப்படி பண்ணிட்டிய? முந்தாநாளு வந்தது சாம்பாராக்கா? கை கழுவுன தண்ணி மாதிரில்லா இருந்துச்சு."

யார் போட்ட மனு?

உடனே டிரேட்மார்க் தேடலில் பெயரைத் தட்டினேன். அதே புண்ணியவான் 'ஷிப்ட் சோறு' என்ற பெயருக்கும் மனு போட்டிருந்தான். ஆட்சேபம் சொல்ல இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. மனுவைத் தாக்கல் செய்த ஏஜென்ட் எந்த மடையன் என்று பார்த்தேன். எங்கள் ஆபீஸ்.

ஆமாம், எங்கள் ஆபீஸேதான். நான் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போன வாரத்தில் செந்தில் போட்டது. எதிர் நாற்காலியில் லூர்துமேரி பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். செந்திலைப் பிடித்து, "நம்மகிட்ட வந்துபோன அம்மாவோட பேருய்யா அது!" என்று கத்தினேன். வடையை மெல்லுவதை நிறுத்தாமல் பதில் சொன்னான்.

"வந்தாங்க, கேட்டாங்க, போட்டேன். யாரு பேருன்னு விசாரிக்க நாம என்னா போலீஸா?"

கேட் சீட்டு

அந்த மனுவிலிருந்து நாங்கள் விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, ஆட்சேபம் போடும் வேலையை எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒப்படைத்தேன். குன்றத்தூர்க்காரன் மனுவுக்கு முன்பிருந்தே இந்த அம்மா அந்தப் பெயரில் வியாபாரம் செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார் வக்கீல். பில் கிடையாது. ரசீது கிடையாது. சேவியர் தன் போனில் இருந்த பழைய ஸ்டேட்டஸ் வீடியோக்களைக் காட்டினார். அதில் பாதி அவர் முகம்.

மறுநாள் லூர்துமேரி ஒரு அரிசி மூட்டையை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே ரோஸ் நிறக் காகிதங்கள், மூன்று வருஷத்தது. ஃபேக்டரி கேட்டில் வெளிப் பாத்திரம் உள்ளே போனால் செக்யூரிட்டி சீட்டு எழுதுவான். அதைக் காட்டினால்தான் பாத்திரம் திரும்ப வெளியே வரும். ஒவ்வொன்றிலும் தேதி, முத்திரை, 'ஷிப்ட் சோறு, கேரியர் ஆறு' என்று செக்யூரிட்டியின் கோணல் எழுத்து. இத்தனை ஏஜென்ட், வெப்சைட், கம்ப்யூட்டர் மூளைகள் சேர்ந்து செய்யாததை அந்தக் கோணல் எழுத்து செய்திருந்தது. ஏன் எல்லாவற்றையும் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கேரியரு காணாம போனா யாரு மேடம் குடுப்பா? அதான் ஒண்ணு விடாம எடுத்து வச்சிகினேன்."

விண்ணப்பதாரர்

ஆதாரத்தைப் பார்த்த குன்றத்தூர்க்காரன் பதில் மனுவே போடவில்லை. கெடு தாண்டியதும் அவன் விண்ணப்பம் ரத்தானது. வக்கீல் கொஞ்சம் மிரட்டியதில் வெப்சைட் முகவரியையும் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது லூர்துமேரிக்காக மனு போட வேண்டும். விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில் கர்சர் நின்றுகொண்டிருந்தது. சேவியர் தன் ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என் பேர்லயே போடுங்க மேடம். ஆபீஸ் விவகாரம், நாளைக்கு ஒண்ணுன்னா ஆம்பள பேரு இருந்தாத்தான் மதிப்பாங்க. அண்ணிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். செந்தில் வேறு தலையாட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் லூர்துமேரி அந்த ஆதார் கார்டை ஒற்றை விரலால் அவர் பக்கமே நகர்த்தினார்.

"மூணு மணிக்கு எய்ந்து அரிசி களையும்போது எந்த ஆம்பள பேரும் அங்க இல்ல சேவியரு. லூர்துமேரின்னு போடுங்க மேடம்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இதுதான்: பெயரைத் திருடுகிறவன் ஒரே ஒருவன்தான், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று கை நீட்டுகிறவர்கள், என் ஆபீஸ் உட்பட, ஒரு வரிசையே நிற்கிறோம்.