பாட்டு டீச்சரின் கழுத்து

நாற்பத்தேழு வயதில் சரளி வரிசை பாட உட்கார்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறை. கூடப் படித்தவர்கள் எல்லாம் மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள், நான் ஆபரேஷன் தியேட்டருக்கு. இந்த வயதில் எதற்கு என்று பலரும் கேட்டார்கள். என் வேலையில் தப்பு செய்ய இடமே கிடையாது. தப்பாகச் செய்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது.

டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கணவர் கீழே தறி நெய்ய, மேலே இவர் பாட்டு சொல்லிக்கொடுப்பார். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை டாக்டரம்மா என்பார். மரியாதை அதோடு சரி. சுருதி விலகினால் பிள்ளைகளுக்கு விழும் அதே திட்டு எனக்கும் விழும்.

பஸ்ஸில் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் எதிரில் இருப்பவரின் காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா, நடையில் ஏதாவது மாற்றமா என்று என் கண் தானாகத் தேடும். வகுப்பில் மட்டும் அதை அடக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் டீச்சர் மேல் ஸ்தாயி பாடிக் காட்டிவிட்டு எச்சில் விழுங்கினார். கழுத்தில் ஒரு பக்கம் சின்னக் கட்டி ஒன்று மேலே ஏறி இறங்கியது. அன்றைக்கு நான் பாடியதெல்லாம் கோணல்.

பிள்ளைகள் போன பிறகு மெதுவாகச் சொன்னேன். அவர் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டார்.

“தெரியும் டாக்டரம்மா. ரொம்ப நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். கத்தி வச்சா குரல் போயிடும்னு சொல்றாங்களே.”

முதலில் பரிசோதனை மட்டும் செய்வோம் என்று சம்மதிக்க வைத்தேன். ஊசி போட்டு எடுத்த பரிசோதனையில் முடிவு தெளிவாக வரவில்லை. புற்றுநோயா இல்லையா என்று தைராய்டில் பாதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சென்னையில் என்னைவிட மூத்த சர்ஜன் ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றேன். தெரிந்தவர் கழுத்தில் கை வைக்க எனக்குப் பயமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“அவங்களுக்கு நான் ஒரு பேஷண்ட். இந்தக் குரல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பண்ணுங்க.”

தைராய்டின் மேல் நுனியில், ரத்தக்குழாயை ஒட்டி, ஒரு மெல்லிய நரம்பு போகும். குரல் மேலே ஏறுவதற்கு அதுதான் துணை. சிலருக்குத் தேடினாலும் கண்ணில் படாது. டீச்சருக்குத் தென்பட்டது. அதைத் தொடாமல் ஒவ்வொரு குழாயாகப் பிரித்துக் கட்டினேன்.

அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் குரல் கரகரவென்றுதான் இருந்தது. வீக்கம் வடியும்வரை பாடக் கூடாது என்று நானே தடை போட்டிருந்தேன். வகுப்பு நின்றால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள் என்று அவருக்குக் கவலை. தையல் பார்க்க வந்தபோது, தான் தாளம் போடுவதாகவும் பாட்டை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் அடங்கிய குரலில் சொன்னார். எனக்கே இன்னும் ஸ்வரம் நிற்கவில்லை என்றேன். “பாடினா நிக்கும்,” என்றார்.

அப்படித்தான் நான் டீச்சர் ஆனேன். அவர் பாயில் உட்கார்ந்து தொடையில் தட்டுவார், நான் பாடுவேன், பிள்ளைகள் திருப்பிப் பாடும். என் சுருதி இறங்கினால் அவர் கட்டைவிரலை மேலே காட்டுவார். முன் வரிசைச் சிறுமி ஒருத்தி, டாக்டர் ஆன்ட்டிக்கு மத்யம ஸ்வரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று அவரிடம் புகார் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

தடை முடிந்த பிறகும் அவர் பாடத் துணியவில்லை. கேட்டால் நாளைக்கு என்பார். ஒரு காலை தாட்டு வரிசையில் நான் மேல் ஷட்ஜத்தை எட்ட முடியாமல் திரும்பத் திரும்பத் தடுமாறினேன். பொறுக்க முடியாமல் அவரே பாடிக் காட்டிவிட்டார். நேராகப் போய் நின்றது, கடைசியில் மட்டும் லேசாக நடுங்கியது. பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை பாடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப நீங்க.”

நடுக்கம் போக மாதங்கள் ஆயின. நவராத்திரியில் கோயிலில் பாடினார், நான் பின்னால் உட்கார்ந்து சுருதி தரும் தம்புரா பெட்டியைக் கவனித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கழுத்துக் கட்டியோடு வருகிறவர்களிடம், குரலை வைத்து என்ன செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். இந்த வாரம் ஐயம்பேட்டையிலிருந்து பூக்காரம்மா ஒருவர் வந்தார். தெருத்தெருவாகக் கூவி விற்பவர். நரம்பு எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். நாலாவது மாடியில் இருப்பவர்களுக்கும் தன் குரல் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார். வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன்.