கீறிட்ட இடம்

எண் கோலம் என்றால் பத்து வயதிலிருந்தே எனக்குப் பயம். நாலைந்து எண்களை வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கீறு போட்டிருப்பார்கள்; அங்கே வரவேண்டிய எண்ணை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேர்வாவதற்கான வெட்டுப்புள்ளியை இரண்டு புள்ளியால் தவறவிட்டவள் நான். அந்த இரண்டு புள்ளியும் எண் கோலத்தில்தான் போனது என்று எனக்குள் ஒரு முடிவு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஊர்காவற்றுறையிலேயே படித்து, ஊர்காவற்றுறையிலேயே கலியாணம் முடித்து, கடைசியில் என் மகளுக்கு அதே பரீட்சை வந்தது. சித்தியடைந்தால் யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம். அவளும் என்னைப்போல் இங்கேயே நின்றுவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட கையோடு அவளைக் குசினி மேசையில் இருத்துவேன். மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் போட்டோக்கொப்பி. கடைசிப் பக்கத்தில் விடைகள் இருக்கும். எனக்குக் கணக்குத் தெரியாது, விடைப் பக்கம் தெரியும். அதை மடியில் வைத்துக்கொண்டு பெரிய ரீச்சர் மாதிரி எதிரே இருப்பேன்.

ஒருநாள் 2, 3, 5, 9, 17 என்று ஒரு கோலம் வந்தது. கீழே மூன்று விடைகள். அவள் 33 என்றாள். என் மடியில் 25 என்று இருந்தது.

“பிழை. வடிவாப் பார்.”

“இல்லையம்மா, ஒண்டு, ரெண்டு, நாலு, எட்டு எண்டு கூடிக்கொண்டு போகுது. அப்ப இனிப் பதினாறு...”

“வாய் காட்டாதை!” என்று தலையில் குட்டினேன். அவள் 33க்குக் கீழே போட்டதை அழிறப்பரால் அழித்துவிட்டு 25க்குக் கீழே கோடு போட்டாள். தாளில் கண்ணீர் விழுந்தது.

அடுத்த கிழமை, 33தான் சரி என்று பள்ளிக்கூட ரீச்சர் சொல்லியிருக்கிறார். விடைப் பக்கத்தில் அச்சுப்பிழை. மகள் வந்து சொன்னபோது, “அப்பிடியோ” என்றுவிட்டு மீன் கழுவப் போனேன். பெற்ற பிள்ளையிடம் என்ன மன்னிப்பு என்ற திமிர் ஒருபக்கம். விடைப் பக்கத்தையும் நம்ப முடியாது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற நடுக்கம் மறுபக்கம்.

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அவளுக்கு எல்லாம் சரிவரத் தொடங்கியது. பத்துக்குப் பத்து. எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாதா கோயிலில் பூசைக்குப் போன இடத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னேன்.

ஒரு பின்னேரம் என் மனுசன் குசினி வாசலில் இருந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “இஞ்சரும், அவள் கணக்கைப் பாக்கேல்லை,” என்றார்.

“பின்னை?”

“உம்மட முகத்தையெல்லோ பாக்கிறாள்.”

“விசர்க் கதை கதையாதேங்கோ,” என்றேன். என்றாலும் கவனித்தேன். அவளுடைய பென்சில் முதலாவது விடையில் வந்து நின்றது. மெல்ல இரண்டாவதற்குப் போனது. மூன்றாவதற்கு வந்ததும் என் மூச்சு இறங்கியது. எனக்கே அது கேட்டது. உடனே அங்கே கோடு போட்டாள். சரியான விடை.

அடுத்த கோலத்துக்கு வினாத்தாளைத் தூக்கி முகத்தை மறைத்தேன். பென்சில் சத்தமே இல்லை. தாளை இறக்கினால், பென்சிலை அந்தரத்தில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மனுசன் கடலுக்குப் போய்ப் பொழுதேறியும் கரை திரும்பாத நாட்களிலும் நான் அப்படிப் பயந்ததில்லை. பரீட்சைக்குப் பதினாறு நாள் இருந்தது. மண்டபத்துக்குள் அவளுக்கு என் முகம் இராது.

அந்தப் பதினாறு நாளும் நான் ஆடாத கூத்தில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். என் தோளைப் பார்த்தாள். கிணற்றடிக்குப் போய் நின்றேன். திரும்பி வரும்வரை ஒரு கோடும் விழவில்லை. கடைசியில் விடைப் பக்கங்களை எல்லாம் அவளுக்கு முன்னாலேயே அடுப்பில் போட்டேன்.

“இனி எனக்கும் விடை தெரியாது. நீதான் சொல்லவேணும்.”

அவள் முகம் வெளிறிப்போனது. “அப்ப பிழையெண்டா ஆருக்குத் தெரியும்?”

“முந்தி நீயாத்தானே பிள்ளை செய்தனீ?”

“ஓம். அதுக்குத்தானே குட்டினனீங்கள்.”

“அண்டைக்கு நீ சொன்னதுதான் சரி. அம்மாதான் பிழை,” என்று ஒருவழியாகச் சொன்னேன். “ஓம்,” என்றாள். ஓம் என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தாள்.

பரீட்சை நாள் பள்ளிக்கூட வாசல் படலையோடு எங்களை மறித்துவிட்டார்கள். மற்றத் தாய்மார் செபமாலை உருட்டினார்கள். நானும் உருட்டினேன், “அருள் நிறைந்த மரியே”க்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. உள்ளே அவள் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, முன்னால் இருக்கிற பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு இருப்பாளோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் மூளையை நானே கெடுத்துப்போட்டேன் என்று மாதாவிடம் சொன்னேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் வந்தார்கள். தண்ணிப் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். ஒன்றும் கேட்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“எப்பிடிச் செய்தனீ?”

அவள் நின்றாள். என் கண்ணை, வாயை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“நல்லாச் செய்தனான் எண்டு சொல்லட்டோ, அம்மா?”