பச்சை டப்பியை மறுபடி வாங்கலாமா?

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கட்டையில், தீர்ந்துபோன டப்பிகளையும் போத்தல்களையும் வரிசையாக வைத்திருந்தேன். யாரும் தூக்கிப் போடக் கூடாது என்பது என் உத்தரவு. ஒவ்வொன்றும் தீர்ந்த அன்று அதைப் பற்றி ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுவேன். எப்படி மணத்தது, எத்தனை நாள் வந்தது, தோலுக்கு என்ன செய்தது எல்லாம் இருக்கும். கடைசி வரி எப்போதும் ‘மறுபடி வாங்கலாம்’, இல்லாவிட்டால் ‘வேண்டாம்’.

நான் அப்போது பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் அப்புத்தளைக்கு வந்து இறங்கி, தோட்டத்துக்கு நடந்து போவேன். பல வருடங்களாகக் கடைகளில் காணாமல் போயிருந்த வெளிநாட்டுச் சாமான்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்த காலம். பதுளைக் கடைத்தெருவில் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் கண்ணாடி அலுமாரி முன்னால் நான் நின்ற நேரத்தைத் தாவரவியலுக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் நிலைமையே வேறு. அவ்வளவு அழகு அந்த அலுமாரி! ஒரு டப்பி மூடியைத் திறந்து மோந்து பார்க்க விடுவார் நானா. அன்று முழுக்க என் மூக்கு தரையில் இருக்காது.

வாங்குவதும் எழுதுவதும் நான். பூசிப் பார்ப்பது என் அக்கா. அவள்தான் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள், காற்று அடிப்பதும் அவளைத்தான். நான் ஒரு பக்கம் எழுதுவதை அவள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்.

முகத்துக்குப் பூசும் ஸ்நோவைப் பற்றி: “மணம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது நெரைக்குப் போறதுக்குள்ள மூஞ்சி அப்பளம் மாதிரி ஆயிருது.”

கிளிசரினைப் பற்றி: “இதப் பூசிட்டு மலைக்குப் போனா கொழுந்து கூடைக்குப் போகாது. கையிலயே இருக்கும்.”

பவுடரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். டின்னின் ஓட்டை மூடி அருமையாம். பவுடர் தீர்ந்ததும் அதில் மிளகுத்தூளைப் போட்டு அவித்த முட்டைமேல் தூவினாள். முட்டையில் மல்லிகை மணத்தது. அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு தடவை அடிக்கோடு போட்டு ‘மறுபடி வாங்கலாம்’ என்று எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பச்சைக் கண்ணாடி டப்பியில் வந்த வெளிநாட்டுக் கிரீம். ஒரு விடுதித் தோழி பாதி பாவித்துவிட்டு எனக்குத் தந்ததை, அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் விட்டுப் போனேன். அது ஆடி மாதம். அப்புத்தளைப் பக்கத்து ஆடிக் காற்று தோலைச் சும்மா விடாது, விரல் நுனியெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். அடுத்த முறை வந்தபோது அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “நாலே நாளு பாப்பா! அந்தப் பச்ச டப்பி மருந்துதான்.” டப்பியும் தீர்ந்திருந்தது. நான் உடனே எழுதினேன்: ‘அற்புதம்.’

அடுத்த வருடம் ஆடி வந்தபோது, அக்காவுக்கு அந்த டப்பி அவசரமாகத் தேவைப்பட்டது.

தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயா வேலையை விட்டு நிற்கவிருந்தார். அந்த இடத்துக்கு அக்காவைக் கேட்டிருந்தார்கள். எந்தக் குழந்தையும் அவள் இடுப்பில் ஏறினால் அழுகையை நிறுத்திவிடும், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் அந்த வேலைமேல் உயிர். ஆனால் ஆளைத் தீர்மானிக்கும் தோட்டத்து மருத்துவச்சியம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்து, “புண்ணுக் கையோட பச்சப் புள்ளையத் தூக்கக் கூடாது. மாசக் கடைசி வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன். ஆறியிருந்தா நீதான். இல்லாட்டி அடுத்த லயத்துப் புள்ளைக்குக் குடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் இருந்தது. ஜன்னலிலிருந்த பச்சை டப்பியை அக்கா என் பையில் வைத்தாள்.

“இதே டப்பி. வேற எதையாவது மோந்து பாத்து மயங்கிராத.”

நானா கடையில் அதே டப்பி புதிதாக வந்து இருந்தது. அதே பச்சை, அதே எழுத்து. நான் கொண்டுபோன காலி டப்பியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு நானா நெற்றியைச் சுருக்கினார்.

“மகள், இந்தக் கிரீம் ரோஜா வாசம். உங்கட டப்பியில தார் வாசம் மாதிரி ஈக்குதே.”

“பழசு நானா. மாறியிருக்கும்.”

எனக்கு ரயிலைவிட வேகம். விடுதியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கொடுத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அக்கா பூசிக்கொண்டபோது வீடே மணத்தது. வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு! இப்போதும் சொல்வேன், அவ்வளவு நல்ல கிரீமை நான் அதற்குப் பிறகு தொட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது அக்காவின் விரல்களில் வெடிப்பு இன்னும் ஆழமாகியிருந்தது.

“எரியுது. இது அது இல்ல பாப்பா.”

“அதே டப்பி, அதே பேரு. எழுத்துக் கூட்டி வாசிச்சுத்தானே வாங்கினேன்!”

“டப்பி அதுதான். உள்ளுக்கு இருந்தது மஞ்சளா இருந்துச்சு.”

தோழி தந்தது பாலாடை மாதிரி வெள்ளை. மஞ்சள் எங்கிருந்து வந்தது? இருவரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

“அந்த வெள்ளையா இருந்தத நான்தான் குதிகால் வெடிப்புக்குப் பூசித் தீத்துட்டேன்” என்றாள் கடைசியில். “வாசம் சும்மா இருக்க விடல. பெறகு டப்பியக் கழுவி டிஸ்பென்சரிக்குக் கொண்டு போயி, ஒங்க அக்கா கைக்கு மருந்து வாங்கியாந்தேன்.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து மட்டும்தான் தருவார்கள். போத்தலோ டப்பியோ நாம்தான் கொண்டுபோக வேண்டும். இது தெரிந்த வீட்டில் பிறந்து, டப்பியின் மேல் எழுதியிருந்ததை நம்பி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியவள் நான். நாற்றம் தாங்காது என்று நான் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த மருந்துக்குத்தான் என் இரண்டு அடிக்கோடும்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு வாரம்தான் பாக்கி.

எங்கள் டிவிஷனுக்கு மருந்து கொடுப்பவர் சனிக்கிழமை காலை மட்டும்தான் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கெல்லாம் டாக்டரய்யா. அக்கா வேலைக்குப் போய்விட்டதால் நான் ஓடினேன். எந்த மருந்து என்று காட்டுவதற்காக, அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பச்சை டப்பியை எடுத்துக்கொண்டேன். வரிசையில் என் முறை வந்தது.

“போன ஆடியில இந்த டப்பியில குடுத்த மருந்துங்க ஐயா. கை வெடிப்புக்கு.”

“ஓமோம், தெரியும். டப்பியைத் தா.” மூடியைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். “என்ன பிள்ளை, இது நிறைய இருக்கு. இதுக்குள்ளை நான் என்னத்தைப் போடுறது?”

காலி டப்பிகள் ஒரு வரிசை வீட்டில் கிடக்க, நான் நிறைந்த டப்பியைக் கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் அடுத்த டிவிஷனுக்குப் போய்விடுவார். கிரீமைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அக்கா கொஞ்சம்தான் எடுத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை விட்டு வழித்து, எனக்குப் பின்னால் நின்ற அம்மாளின் உள்ளங்கையில் வைத்தேன்.

“இந்தாங்க, பூசிக்குங்க.”

“எனக்குக் காய்ச்சலுக்குத்தான் மருந்து வேணும்மா!”

“பரவால்ல, பூசுங்க!”

அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தாங்களாகவே கையை நீட்டினார்கள். “எனக்கு மூஞ்சிக்கு.” “அடியே, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை.” ஒரு தாத்தா இரண்டு முழங்காலையும் காட்டினார். டிஸ்பென்சரி வாசல் கலியாண வீடு மாதிரி மணத்தது. டாக்டரய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “முடிஞ்சுதோ பிள்ளை?” என்று கேட்டார். சேலைத் தலைப்பை நீட்டி டப்பியைத் துடைத்துத் தந்தார் அந்தக் காய்ச்சல்காரம்மா. அதில் மஞ்சள் மருந்து விழுந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை நான் வந்து சேர்வதற்குள் மருத்துவச்சியம்மா போய்விட்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கொழுந்துக் கறை அப்படியே கறுப்பாக இருந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை. அந்தக் கையைவிட அழகான எதையும் நான் நானாவின் அலுமாரியில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அவள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள், பச்சை டப்பியோடு. பால் கொடுக்க வரும் தாய்மார் போகிற போக்கில் அதில் ஒரு விரல் தொட்டு வெடிப்பில் தடவிக்கொள்வார்களாம். பத்து நாளில் டப்பி காலி. அடுத்த வாரம் அக்கா சொன்னாள்: “பழசையும் சேத்து ரெண்டு டப்பியும் பத்தல. இன்னொன்னு வாங்கிட்டு வா. மூடி இறுக்கமா இருக்கிறது அது ஒன்னுதான்.”

மறுபடி காசு சேர்த்து நானாவின் கடைக்குப் போய்ப் பச்சை டப்பியைக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தேன், அதனால் அவர் அலுமாரியைத் திறக்காமல் நின்றார்.

“மகள், கிரீமுக்கா, டப்பிக்கா?”

“டப்பிக்கு நானா” என்றேன். “கிரீம் எங்க அம்மா குதிகாலுக்கு.”