பிசிக்ஸ் படிக்க மாடி ஏறுனது

எம் பேத்தி பன்னெண்டாப்பு படிச்ச வருசம் அவ பள்ளிக்கூடத்துல பிசிக்ஸுக்கு டீச்சரே இல்ல. இருந்தவுக மாத்தலாகிப் போயிட்டாக, அடுத்த ஆளு வரல. ஆடி கழிஞ்சு வருவாகன்னாக. ஆடியும் போச்சு, ஆவணியும் போச்சு. அந்தப் பாட நேரத்துல பிள்ளைகளச் சும்மா உக்கார வச்சு, சத்தம் போடாம இருங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாகளாம்.

பிசிக்ஸுன்னா என்னன்னு எனக்கு இப்பவும் தெரியாது. நான் மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனவ இல்ல. இதையே நான் சொல்லச் சொல்ல வேற ஆளுதான் எழுதுது. ஆனா அந்தப் பாடத்துல நல்ல மார்க்கு இல்லாட்டி அவ நெனச்ச படிப்பு கெடைக்காதுன்னு தெரியும். அவ ஒண்ணும் ஆகாசத்தக் கேக்கல. மதுரைக்குப் போயி காலேசுல அந்தப் பிசிக்ஸையே படிக்கணும், திரும்பி வந்து டீச்சராகணும். அம்புட்டுதான்.

கூடப் படிக்கிற பிள்ள ஒருத்தி சொல்லியிருக்கா, நெட்டுல பாடம் பூராம் கெடக்கு, பழைய கேள்வித்தாளு, அதுக்கு விடை எல்லாம் இருக்குன்னு. எங்க ஊரு ராயப்பன்பட்டிக்குப் பக்கத்துல. அப்ப அங்கன ஏது நெட்டு? டவுனுக்குத்தான் போகணும். எம் மகங்கிட்டக் கேட்டா. அவன் குதிச்சான்.

"பிரவுசிங் சென்டரா? அங்கன ஒவ்வொருத்தனும் தெரைய இழுத்து விட்டுக்கிட்டு என்னத்தப் பாக்குறான்னு எனக்குத் தெரியாதா?"

"நீ எப்படா போயிப் பாத்த?"ன்னு கேட்டேன்.

அடுப்படியில மருமக சிரிச்சுப்புட்டா. அவனுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. கடைசியில ஒரு வழிக்கு வந்தான். ஆத்தா கூடப் போகணும், பக்கத்துலயே உக்காந்திருக்கணும், ஆத்தா வராத அன்னைக்கு இவளும் போகக் கூடாது. இதென்ன பெரிய கட்டுப்பாடுன்னு எனக்கு ஒரே சந்தோசம். எங்க திராட்சத் தோட்டத்த விட்டு வெளிய போக எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?

ஞாயித்துக்கிழமைன்னா நானும் அவளும் பஸ் ஏறிருவோம். அந்த சென்டரு உரக்கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. கீழ பூச்சிமருந்து நாத்தம் கொடலப் பெரட்டும். படி ஒத்தையாளு போற அகலந்தான், பிடிச்சுக்கிற கம்பி கெடையாது. நான் செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சுப் பைய ஏறுவேன். மேல போயிச் செருப்பக் கழட்டிப் போட்டு உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும். மேகமலையில ஒருக்கா எஸ்டேட்டு வேலைக்குப் போயிருந்தப்பத்தான் அப்பிடிக் குளுரப் பாத்தது. அந்த எஸ்டேட்டுல அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கால்ல இருக்கு. அத விடுங்க.

பலகையில தடுத்து தடுத்து சின்னச் சின்ன ரூமு. நான் போனதும் மொத வேலையா தெரைய முறுக்கி மேல கட்டிப்புடுவேன். கடக்காரர் ஓடியாருவாரு.

"ஆத்தா, அதக் கட்டாதீக. மத்த ஆளுக சங்கடப்படுவாக."

"எங்க ரூமுத் தெரையக் கட்டுனா அவுகளுக்கு என்னய்யா சங்கடம்? அவுக தெரையவா அவுத்தேன்?"

பெறகு பெறகு அவரே எனக்கு முதுகு சாயிற நாற்காலி ஒண்ணு போட்டு வச்சாரு.

படம் ஒண்ணு வரணும்னா மேலருந்து வரி வரியா எறங்கும். தலை வந்து, கழுத்து வந்து, இடுப்பு வாரதுக்குள்ள நான் வெத்தல போட்டு முடிச்சிருவேன். சில நாளு கரண்டு போயிரும். அன்னைக்கு எல்லாரும் ரூமுக்குள்ள இருந்து வெளிய வந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம நிப்பாக. எனக்கு அது பாக்கவே சிரிப்பா வரும்.

"நான் பொறந்த மயிலாடும்பாறைய எடு, பாப்போம்"னு ஒருநா கேட்டேன்.

"அது இதுல இல்ல அப்பத்தா."

"லண்டன் இருக்கு, மயிலாடும்பாறை இல்லையாக்கும்? என்ன பொல்லாத மிசினு!"

அடுத்த ரூமுல யாரோ சிரிச்சாக. இவ என் தொடையில கிள்ளுனா.

அதுல இருந்ததெல்லாம் இங்கிலீசு. இவ தமிழ்ல படிச்ச பிள்ள. ஒவ்வொரு வரியா வாசிச்சு, டிக்சனரிய எடுத்து வச்சுப் பாத்து, எனக்கு மெதுவாத் தமிழ்ல சொல்லுவா. நான் ஊம் கொட்டணும். ஊம் கொட்டலன்னா, "கேக்குறியா, தூங்குறியா?"ம்பா. எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல. எனக்குச் சொல்லணுமேன்னு அவ ரெண்டாந்தரம் மூணாந்தரம் படிப்பா, அதுல அவளுக்கு வெளங்கிரும்.

கரண்டப் பத்தி ஒருநா சொன்னா. கம்பிக்குள்ள என்னமோ பொடிப் பொடியா ஒரு பக்கம் ஓடுதாம். ஆனா புஸ்தகத்துல கரண்டு அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடுறதாத்தான் அம்பு போடுவாகளாம்.

"அப்ப யாரு பொய் சொல்றா?"ன்னேன்.

அவளுக்கும் தெரியல. தேடித் தேடிப் பாத்துட்டு மூஞ்சியெல்லாம் பல்லா திரும்புனா. "ரொம்ப நாளைக்கு முன்னால ஒருத்தரு தெரியாம இந்தப் பக்கம்னு வச்சுட்டாராம் அப்பத்தா. பெறகு தப்புன்னு தெரிஞ்சும் மாத்தலையாம்."

"பெரிய மனுசன் சொல்லியிருப்பான். அதான் மாத்தியிருக்க மாட்டாக."

அவ சிரிச்ச சிரிப்புக்குக் கடக்காரர் எட்டிப் பாத்தாரு. என் வயசுக்கு நான் எத்தனையோ கல்யாணம் காச்சி, திருவிழா பாத்துட்டேன். அந்த ரூமுல உக்காந்திருந்த மாதிரி சந்தோசமா எங்கனயும் உக்காந்ததில்ல.

கார்த்திகையில மழை பிடிச்சுக்கிருச்சு. வாய்க்காப் படியெல்லாம் பாசி. துணி அலசிட்டு எந்திரிச்சவ வழுக்கி விழுந்தேன். இடுப்புல மளுக்குன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு. தேனி ஆசுபத்திரியில பிளேட்டு வச்சாக. வீட்டுக்குக் கொண்டாந்து கட்டில்ல போட்டாக. தை கழியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாக.

வீட்டுக்கு வந்த மொத ஞாயித்துக்கிழம, இவ தலையச் சீவி, பையத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. மகன் திராட்சக் கூடையக் கட்டிக்கிட்டு இருந்தவன் நிமுந்தான்.

"எங்க?"

"சென்டருக்குப்பா."

"யாரு கூட?"

அவ என் கட்டிலப் பாத்தா. உள்ள போயிப் பைய ஆணியில மாட்டிட்டு வந்து எனக்கு மூத்திரச் சட்டி எடுத்து வச்சா.

"ஏலே, மருமக கூடப் போகட்டும்டா"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"அவ போயிட்டா ஒன்னைய யாரு பாக்குறது?"

 கட்டில்ல கெடக்குற நான்தானே மருமகளையும் கட்டிப் போட்டிருந்தது. மழை ஓட்டுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பிள்ள புஸ்தகத்த விரிச்சு வச்சு ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு இருந்தா. "சொல்லுத்தா, நான் கேக்குறேன்"னேன். "இதுல போட்டிருக்கிறது எனக்கே புரியல, ஒனக்கு என்னத்தச் சொல்ல?"ன்னா. கோவமா சொல்லல. அதுதான் எனக்கு என்னமோ போல இருந்துச்சு.

பொங்கல் முடிஞ்சதும் நான் அடம் பிடிச்சேன். வாக்கரப் பிடிச்சு வாசல் வரைக்கும் நடந்து காட்டுனேன். வலியில உசுரு போச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டேன். சரின்னு ஆட்டோ பிடிச்சு மகனும் கூடவே வந்தான். பேத்தி வழி பூராம் என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தா. உரக்கடை வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. வாக்கர ஊண்டி எறங்கி அந்தப் படியப் பாத்தேன். ஒரு படிகூட ஏற முடியாதுன்னு பாத்ததும் தெரிஞ்சு போச்சு.

கடக்காரர் எறங்கி வந்தாரு. "அண்ணே, மேல எங்க வீட்டுக்காரிதான் உக்காந்திருக்கா. பிள்ள போகட்டும், நாங்க பாத்துக்கிறோம்."

"வேணாம்ப்பா. நாளப்பின்ன ஒரு மாப்ள வீட்டுக்காரன் விசாரிச்சா நீயா வந்து பதில் சொல்லுவ?"

பேத்தி படியில ஒரு கால வச்சு நின்னுக்கிட்டு இருந்தா. "அப்பா, நீங்க வாங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க."

அவன் மேல பாத்தான். செருப்பு வரிசையா கெடந்துச்சு. பேண்டு போட்ட பயலுக ரெண்டு மூணு பேரு எறங்கி வந்தானுக.

"அங்கன வந்து எனக்கு என்னத்தா தெரியும்? இவனுக பாத்துச் சிரிக்கவா?"

"ஏலே, எனக்கு மட்டும் தெரிஞ்சா இம்புட்டு நாளு உக்காந்திருந்தேன்?"

ஆட்டோக்காரன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மகன் என்னையத் தூக்கி உள்ள வச்சான். அவளும் வந்து உக்காந்தா. திரும்பி வாரப்ப அவ என் கையப் பிடிக்கல. நானும் பிடிக்கல.

பரிச்ச வந்துச்சு. மத்ததுல பூராம் பாஸு, பிசிக்ஸுல பெயிலு. மகன் திட்டல. சாப்பிடாம வெளிய போயிட்டான். மறுக்கா எழுத விட்டாக. கைடப் போட்டு மனப்பாடம் பண்ணி அதுலயும் பாஸாயிட்டா. ஆனா அதுக்குள்ள மதுரைக் காலேசுல எடம் முடிஞ்சு போச்சு. அடுத்த வருசம் பாக்கலாம்னான் அவன். அடுத்த வருசம் கம்பத்துல இருந்து ஏலக்கா யாவாரம் பண்ற வீட்டுல கேட்டு வந்தாக. மாப்ள குணமான பையன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கல்யாணத்துல நான் கம்ப ஊண்டிக்கிட்டு நின்னு ஆரத்தி எடுத்தேன்.

போன மாசம் போன் பேசுனா. வீட்டு முன்பக்கம் இருக்குற அவுக கடையில கம்ப்யூட்டர் வாங்கி நெட்டும் போட்டிருக்காகளாம். எனக்கு உள்ளுக்குள்ள ஜிவ்வுனு ஏறுச்சு.

"அப்ப வீட்டுக்குள்ளயே இருக்கா? யாரும் கூட வரவே வேணாமே! படிக்கலாமேத்தா."

"அதுல ஏலக்கா வெல மட்டும் பாத்துச் சொல்லுவேன் அப்பத்தா. மத்ததுக்கு எங்க நேரம்?"

"பிசிக்ஸு இன்னும் அதுல இருக்குமா?"

 "இருக்கும்"னா. "நான் தேடிப் பாக்கல."

அங்கிட்டு அவ மாமியா கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு. இவ, "இன்னைக்கு வெல எறங்கிருச்சு அத்தே, சொல்லிட்டேன் அவுககிட்ட"ன்னு அங்கிட்டுப் பதில் சொன்னா. பெறகு, "சாப்பிட்டியா அப்பத்தா?"ன்னு கேட்டா. நான் சாப்பிட்டேன்னேன்.