சாமைக் கடையில் ஒரு சக்கரைக்காரி

சாமை விற்பது சுலபம்; அதை மருந்து என்று நம்பி மலையேறி வருகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டு விற்பதுதான் கஷ்டம். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் ரோட்டில், ஒரு வளைவில் இருக்கிறது எங்கள் கடை. சாமை, தேன், தேன் நெல்லி, புளி. முதலாளி கோவிந்தண்ணன். 'மலைச் சாமை, சக்கரைக்கு எமன்' என்று வாசலில் போர்டு வைத்திருந்தார். அந்த எமனுக்குக் கீழே உட்கார்ந்து எடை போடுகிற எனக்குச் சின்ன வயசிலிருந்தே சக்கரை. ஊசி போட்டால்தான் உசுரு.

பதினொண்ணாவதோடு படிப்பை விட்டேன். ஊசி பாதிக் காரணம், கணக்குப் பாடம் பாதிக் காரணம். பழி மொத்தமும் ஊசி மேல். வேலைக்குச் சேர்க்கும்போது அண்ணன் ஒரே கண்டிஷன் போட்டார்: "ஊசிய யார் கண்ணுலயும் படாம போட்டுக்க. எவனாவது பாத்தான்னா அன்னியோட வூட்டுக்குக் கெளம்பு." அதனால் புளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போடுவேன். மருந்து பாட்டிலுக்கும், சூடு ஏறாமல் இருக்க, அங்கேயே ஈர மணலில் புதைத்த சட்டிதான் இடம். என்னை மாதிரி ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போனவர்களே, மேலே படியுங்கள்.

எவ்ளோ?

சக்கரைக்காரர்களை உலகம் ஒரே கேள்விதான் கேட்கும்: "எவ்ளோ இருக்குது?" போனில் அம்மா, வழியில் சித்தி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், யாராக இருந்தாலும் அதேதான். எப்பிடி இருக்கே என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒருநாள் மேசைக்கு அடியில் விரலைக் குத்தி மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமை மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தபடி ஒரு அம்மா, "எவ்ளோம்மா?" என்றார். பழக்க தோஷம். "முன்னூத்திப் பத்து" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் விலை கேட்டது உறைத்தது. கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். "கிலோ முன்னூத்திப் பத்தா? ஏம்மா, வெலையக் கேட்டதுக்கே எனக்கு சக்கரை ஏறுதே!"

திட்டாத ஒரே பொருள்

காரில் ஒரு ஜோடி வந்தது. புருஷன் போர்டைப் படித்துவிட்டு, "மலைக்காரங்களுக்கு சக்கரையும் வராது, கவலையும் வராது, இல்ல?" என்றார். எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணன் முந்திக்கொண்டு எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். அந்த ஆள் பொண்டாட்டியைக் காட்டி, "இவளுக்கு வாயக் கட்டத் தெரியல. நோயே அதான்" என்றார். எல்லார் முன்னாலும். அந்த அக்கா சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பு எனக்கும் வரும், அதனால் தெரியும். அது சிரிப்பே இல்லை.

புருஷன் போனில் பேச ஒதுங்கினதும் அக்கா ஒரு தேன் நெல்லியை எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "அவர்கிட்ட சொல்லிடாதே. இன்னிக்கு என்னைத் திட்டாதது இது ஒண்ணுதான்."

காரம்

சக்கரை ஏறினால் தூக்கமாக வரும். இறங்கினால் நான் வேறு ஆள். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கோபம் எங்கிருந்து வருமோ வரும். அப்படி ஒரு நேரத்தில் ஒருத்தர் அரைக் கிலோ என்றார், ஒரு கிலோ என்றார், மறுபடி அரைக் கிலோ என்றார். தராசுத் தட்டைக் கீழே அடித்து, "மொதல்ல வூட்ல கேட்டுக்கினு வாய்யா" என்று கத்திவிட்டேன். அப்புறம் விற்பனைத் தேனையே திறந்து குடித்து, மூட்டைக்குப் பின்னால் போய்க் காரணமே இல்லாமல் அழுதேன்.

அண்ணன் தேன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சக்கரைன்னா இனிப்பா இருக்கும்னு நெனச்சேன், இவ்ளோ காரமா கீதே!"

நம்பர் நல்லாருக்கு

இந்த அழுகையைச் சொல்லலாம் என்று மருந்து வாங்கப் போன ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தேன். காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறது, ஊசியைப் பார்த்தாலே எதற்கு இதெல்லாம் என்று தோன்றுகிறது என்றேன். நர்ஸ் அக்கா நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய வரிசை. என் மெஷினை வாங்கிப் பார்த்தார். "நம்பர் நல்லாத்தானே இருக்குது, அப்புறம் எதுக்கு அழுவறே?"

மூட்டைக்குப் பின்னால் இன்னொருத்தர்

சந்தவாசலிலிருந்து புளி ஏற்ற வேன் ஓட்டி வருவார் முருகேசன். நாற்பது வயசு இருக்கும். கயிறு தேடி மூட்டைக்குப் பின்னால் வந்தவர், வயிற்றில் ஊசியோடு என்னைப் பார்த்துவிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என்னவோ மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் கீது. மாத்திரைய நிறுத்திட்டேன்."

"எவ்ளோ" என்று வாய்க்குள் வந்ததை முழுங்கினேன். "எப்பிடி இருக்கீங்கண்ணா?" என்றேன்.

வெளியே அண்ணன் கயிறு கிடைத்ததா என்று கத்திக்கொண்டிருந்தார். முருகேசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இருந்து இன்னா ஆவப்போவுதுன்னு இருக்குதும்மா."

எமன் இறங்கினான்

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ரெண்டு பேரும் ஒரே மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்தா சாவது? "இதை டாக்டர்கிட்ட இதே மாதிரி சொல்லுங்க. சொல்லாம என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றேன். மறுநாள் சட்டியையும் ஸ்டூலையும் இழுத்துவந்து போர்டுக்குக் கீழே போட்டேன். கடை நிறைய ஆள். சட்டையைத் தூக்கி ஊசியைக் குத்தினேன்.

"ஏய், இன்னா பண்றே? யாவாரம்!" அண்ணன் அலறினார்.

"போர்டை மாத்துங்க, இல்லன்னா ஆளை மாத்துங்க. சாமை சோறு. இதான் மருந்து." எல்லாரும் கேட்கட்டும் என்றே சொன்னேன். அப்போது படவேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா முன்னால் வந்தார். "ஊசி போட்டுக்கினே இந்தப் பேச்சுப் பேசுதே, எல்லாம் சாமைத் தெம்பு. ரெண்டு கிலோ போடு!"

சத்தியமாக நான் மறுத்தேன். யாரும் கேட்கவில்லை, மூட்டை காலி. சாயங்காலம் அண்ணன் ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டு, தார் டப்பாவை எடுத்து வந்து 'சக்கரைக்கு எமன்' என்பதை மட்டும் அழித்தார். "எமனே போய்ட்டான், இனி எவனைக் காட்டி விப்பேன்?"

எப்பிடி?

அடுத்த லோடுக்கு முருகேசன் வந்தார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருந்தார். போளூரில் டாக்டரிடம் மனசையும் சேர்த்துக் காட்டினாராம். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகிவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேனைக் கடைக்கு நேரே நிறுத்தி, கும்பலுக்கு மேலாகக் கத்தினார்: "ஏ சக்கரைக்காரி, எப்பிடி இருக்கே?"

ஆகவே வாடிக்கையாளர்களே, எவ்ளோ என்று கேட்டால் சாமை விலையைச் சொல்லி அனுப்பிவிடுவேன், எப்பிடி என்று கேட்கிறவர்கள் மட்டும் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நேரமாகும்.